எண்ணெய் படாத ஓரம்

எங்கள் வீட்டு மாடிப்படியைக் கட்டிய கொத்தனார் கொஞ்சம் அவசரக்காரர். ஒரு படி மாதிரி இன்னொரு படி இருக்காது. ஏறும்போது ஒன்றும் தெரியாது, இறங்கும்போதுதான் தெரியும். மேலிருந்து மூன்றாவது படி மற்றவற்றைவிடக் குறுகல். அதில் குதிகால் நிற்கும், விரல்கள் அந்தரத்தில் இருக்கும். வீட்டுக்குப் புதிதாக யார் வந்தாலும் "பாத்து இறங்குங்க" என்று நான் சொல்லாமல் விட்டதில்லை. அக்கறை என் பிறவிக் குணம். எழுதுகிறவரை முதலில் இதை எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள் அம்மா.

நான் எதையும் மறைக்கப் போவதில்லை. நீங்கள் கேட்கிற விதம் எனக்குப் பிடித்திருக்கிறது. போலீஸ் அதிகாரி என்றால் மேசையைத் தட்டுவார்கள், கத்துவார்கள் என்று நினைத்திருந்தேன். நீங்கள் தண்ணீர் கொடுத்து, ஃபேனை என் பக்கம் திருப்பிவிட்டீர்கள். அந்த மரியாதைக்காகவாவது எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொல்ல வேண்டும்.

எனக்குத் தொழில் தையல். கீழே ஜன்னலை ஒட்டி என் மிஷின் இருக்கிறது. பள்ளிக்கூடச் சீருடை, சபைப் பாடகர்களின் அங்கி, அக்கம்பக்கத்துப் பெண்களின் உடுப்பு எல்லாம் தைப்பேன். அந்த வருமானத்தில்தான் தம்பியை வளர்த்தேன். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போனபோது அவன் சட்டைப் பித்தானைக்கூட மாற்றிப் போடுகிற வயது. எனக்கும் வரன் வந்தது. வந்தவர்கள் எல்லோரும் என்னைப் பார்த்துவிட்டு, "தம்பியை என்ன பண்ணப்போறீங்க?" என்று கேட்டார்கள். காப்பி கொடுத்து அனுப்பிவைத்தேன். அதில் எனக்கு வருத்தம் கிடையாது. அவனை வளர்த்தது நான் என்பதை மட்டும் எல்லோரும் ஞாபகம் வைத்துக்கொண்டால் போதும்.

சபையில் என்னை 'வேலியக்கா' என்பார்கள். பெண்கள் ஜெபக் குழுவை நடத்துவது நான். ஒவ்வொரு வீட்டையும் சொல்லி, ஆண்டவரே இவர்களைச் சுற்றி வேலி அடையும் என்று ஜெபிப்பேன். யாருக்காவது காரணமில்லாமல் தலை வலித்தால், பிள்ளை பால் குடிக்காமல் வீறிட்டால், வீட்டுக்காரர் முகம் கொடுத்துப் பேசாவிட்டால் எனக்குத்தான் ஃபோன் வரும். பிசாசாகிய சத்துருவின் தாக்குதல் எப்போதும் ஏதாவது ஒரு ஓட்டை வழியாகத்தான் வரும். அந்த ஓட்டையைக் கண்டுபிடித்துக் கொடுப்பது என் ஊழியம். ஒரு வீட்டில் அது அலமாரிக்கு மேல் கிடந்த மரப்பொம்மையாக இருந்தது. இன்னொரு வீட்டில் ஓரகத்தியாக இருந்தது. பொம்மையை எரித்தார்கள். ஓரகத்தியைத் தனிக்குடித்தனம் அனுப்பினார்கள். "நான் பிரசங்கம் பண்றேன், காவல் நிக்கறது அக்காதான்," என்று போதகர் மேடையிலேயே சொல்லியிருக்கிறார்.

எண்ணெய் பற்றிக் கேட்டீர்கள். உங்களுக்கு எங்கள் வழக்கம் தெரிந்திருக்காது. சபையில் ஜெபித்துக் கொடுக்கும் எண்ணெயை விரல் நுனியில் தொட்டு, வாசல் நிலையிலும் ஜன்னல் சட்டத்திலும் கட்டில் தலைமாட்டிலும் தடவுவோம். இந்த வீடு ஆண்டவருடைய காவலில் இருக்கிறது என்று வாயால் அறிக்கையிடுவோம். பிசாசு அந்தக் குறியைப் பார்த்து வெளியிலேயே நின்றுவிடும். யாருக்கும் இதனால் கெடுதல் கிடையாது. நானும் வருஷக்கணக்கில் ஒரு சொட்டோடுதான் நிறுத்திக்கொண்டிருந்தேன்.

தம்பி மனைவி ஆஸ்பத்திரி ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கிறாள். ரத்தம் எடுத்துப் பரிசோதிக்கிற வேலை. ஊசி குத்துவதே தெரியாமல் எடுப்பாள் என்று பேர். நல்ல பெண்தான். ஞாயிறு தவறாமல் சபைக்கு வருவாள், எல்லோரையும்விடச் சத்தமாகப் பாடுவாள், ராகம் மட்டும் ஒத்து வராது. அவளிடம் நான் கண்ட ஒரே குறை, அவளுக்குப் பயமே கிடையாது.

கல்யாணமான புதிதில் ஒருநாள் சாயங்காலம் எங்கள் வீட்டில் ஜெபக் குழு கூடியிருந்தது. பாதி ஜெபத்தில் விளக்கு பட்டென்று அணைந்தது. நான் எழுந்து, "யாரும் அசையாதீங்க. இது சாதாரணம் இல்ல," என்றேன். பெண்கள் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். இருளின் அதிகாரங்களை நான் ஒவ்வொன்றாக ஜெபத்தால் கட்டிக்கொண்டிருந்தபோது, சமையலறையிலிருந்து டார்ச் வெளிச்சம் வந்தது. பின்னாலேயே அவள் வந்தாள்.

"அக்கா, கொஞ்சம் நகருங்க. ஃப்யூஸ் போயிருக்கு."

நகர்ந்தேன். வேறு என்ன செய்வது? விளக்கு எரிந்தது. பெண்கள் கையை விட்டார்கள். யாரோ ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். இவள் டார்ச்சை அணைத்துக்கொண்டே, "சீக்கிரம் ஆமென் சொல்லுங்கக்கா, டீ ஆறுது," என்றாள். அதற்கும் சிரித்தார்கள்.

எல்லோரும் போன பிறகு அவளை உட்கார வைத்துப் பேசினேன். கோபமாக இல்லை, தாய் ஸ்தானத்தில்.

"உனக்குச் சத்துருவைப் பத்தி ஒண்ணும் தெரியல. அவன் தூங்கறதே இல்ல."

"ஆண்டவரும்தான் தூங்கறதில்லையேக்கா," என்றாள். "ரெண்டு பேரும் முழிச்சுட்டு இருக்காங்க. நடுவுல நீங்க எதுக்கு? போய்ப் படுங்க, கண்ணெல்லாம் செவந்து கெடக்கு."

அவளுடைய ஜெபத்தையும் நான் கேட்டிருக்கிறேன். மாடியில் அவர்கள் அறைக் கதவு லேசாகத் திறந்திருந்தது. "ஆண்டவரே, இன்னைக்கு நல்லபடியா போச்சு. மீதியை நீங்க பாத்துக்கோங்க." அவ்வளவுதான். கடையில் சாமானுக்குச் சொல்லிவிட்டுக் கிளம்புகிற மாதிரி. அடுத்த நிமிஷம் குறட்டை. நான் முழங்கால் தேயத் தேய நின்று அடைக்கிற வேலியை, இவள் ஒரு கொட்டாவியில் முடித்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்கினாள். எனக்கு எரிச்சலாக இருந்தது. அதை ஒத்துக்கொள்வதில் எனக்குத் தயக்கம் இல்லை.

அதற்குப் பிறகு பலசரக்குக் கடைக்காரர் மனைவி விஷயம் வந்தது. அந்த அம்மாளுக்கு எந்நேரமும் அசதி, மூச்சு வாங்கல். சோர்வின் ஆவி என்று நான் கண்டுபிடித்து, வாரா வாரம் உபவாசம் இருக்கச் சொல்லியிருந்தேன். ஆள் மெலிந்துகொண்டே போனாள். தாக்குதல் பலமாக இருந்தால் அப்படித்தான் ஆகும். ஒருநாள் தம்பி மனைவி அவள் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்துவிட்டு, "வெளுத்துக் கெடக்கு. நாளைக்கு லேபுக்கு வாங்க," என்றாள். ரத்தசோகையாம். மாத்திரை கொடுத்தார்கள். கொஞ்ச நாளில் அந்த அம்மாள் கன்னத்தில் சதை பிடித்து, சபையில் எழுந்து சாட்சி சொன்னாள். ஆண்டவர் இந்தப் பிள்ளையின் கை வழியாகத் தன்னைத் தொட்டார் என்று சொல்லி அழுதாள். 'இந்தப் பிள்ளை' என்று அவள் காட்டியது என்னை இல்லை.

அதிலிருந்து எங்கள் வீட்டுக்கு வருகிற பெண்கள், ஹாலில் என்னோடு கொஞ்ச நேரம் முழங்கால் போட்டுவிட்டு, சமையலறைக்கு நழுவ ஆரம்பித்தார்கள். அங்கே இமையை இழுத்துப் பார்ப்பதும் நாக்கை நீட்டச் சொல்வதும் சிரிப்பும் கேட்கும். நான் ஹாலில் பாயைச் சுருட்டிக்கொண்டிருப்பேன்.

இப்போது குழாய்க்காரர் விஷயத்துக்கு வருகிறேன். எல்லாம் அங்கேதான் தொடங்கியது. மாடித் தொட்டிக்குப் புதுக்குழாய் மாட்ட அவர் வந்த அன்று காலை, மாடி ஜெப அறையிலிருந்து எண்ணெய்ப் பாட்டிலோடு இறங்கும்போது மூடி கழன்று மூன்றாம் படியில் கொஞ்சம் கொட்டிவிட்டது. துடைக்கத் துணி எடுக்கப் போனேன். அதற்குள் குழாய்க்காரர் மாடித் தொட்டி வேலையை முடித்துவிட்டு இறங்கினார். கால் வழுக்கி, உட்கார்ந்த வாக்கிலேயே கடைசிப் படி வரைக்கும் வந்து சேர்ந்தார். அடி ஒன்றும் பலமில்லை. ஆனால் அவர் பை கவிழ்ந்து, அதிலிருந்து நாங்கள் வாங்கிக் கொடுத்த புதுக்குழாய் உருண்டு வந்து என் காலடியில் நின்றது. மேலே பழைய குழாயையே பாலிஷ் போட்டு மாட்டிவிட்டு வந்திருக்கிறார் மனுஷர்.

நீங்களே சொல்லுங்கள் அம்மா, அதைப் பார்த்தால் என்ன நினைக்கத் தோன்றும்? எத்தனையோ பேர் இறங்கிய படி. ஜெபித்த எண்ணெய் பட்டதும் திருடன் விழுந்தான், திருட்டு வெளியே வந்தது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. ஆண்டவருடைய காவலில் இருக்கிறவர்கள் அந்த எண்ணெயின் மேல் நடப்பார்கள், உள்ளே ஓட்டை இருக்கிறவர்கள் வழுக்குவார்கள் என்று அன்றைக்கு எனக்குப் புரிந்தது. எண்ணெயை நான் துடைக்கவில்லை. அபிஷேகம் பண்ணினதைத் துடைப்பது மரியாதை இல்லை.

அதன் பிறகு எப்போதாவது அந்தப் படியில் தடவி வைப்பேன். தம்பி ஒருநாளும் வழுக்கவில்லை. நானும் வழுக்கவில்லை. என் பெரியம்மா மகள் வந்தபோது வழுக்கி, கைப்பிடியைப் பிடித்துத் தப்பித்தாள். அவளுக்கு என் மேல் சின்ன வயதிலிருந்தே பொறாமை, ஆகையால் அது சரியாகத்தான் இருந்தது. தம்பி மனைவியும் வழுக்கவில்லை. அது எனக்குக் குழப்பமாக இருந்தது. எண்ணெய் போதவில்லையோ என்று நினைத்தேன்.

தம்பி வழுக்காததற்கு வேறு காரணம் உண்டா என்று நேற்று கேட்டீர்கள். யோசித்துப் பார்த்தேன். உண்டு. அவன் சின்ன வயதிலிருந்தே அந்தக் குறுகல் படியைத் தாண்டிக் குதித்துத்தான் இறங்குவான். எத்தனை தடவை திட்டியிருப்பேன். எனக்கு அது நன்றாகத் தெரியும்.

அவள் முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்தபோது எல்லோரையும்விடச் சந்தோஷப்பட்டது நான்தான். அன்றைக்கே பிள்ளைக்குச் சட்டை வெட்ட ஆரம்பித்துவிட்டேன். பழைய வேட்டித் துணி, மெத்தென்று இருக்கும், பிள்ளை உடம்பை உறுத்தாது. தையல் உள்பக்கம் தெரியாமல் மடித்துத் தைத்தேன். அவள் அதைக் கன்னத்தில் வைத்துப் பார்த்து, "அக்கா, இவ்ளோ சின்னதா எப்படி தைச்சீங்க?" என்று என்னைக் கட்டிக்கொண்டாள். இதையும் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.

பிறகு ஒரு நாள் சாப்பிடும்போது தம்பி பேச்சை எடுத்தான்.

"அக்கா, மேல ஜெப ரூமை கொழந்தைக்கு எடுத்துக்கலாம்னு பாக்கறோம். வெளிச்சம் நல்லா வருது."

"அது பிரதிஷ்டை பண்ணின அறைடா."

"கொழந்தையும் ஆண்டவர் கொடுத்ததுதானேக்கா," என்றான். "நீ கீழயே ஜெபம் பண்ணு. உனக்கும் மாடி ஏறி எறங்கற கஷ்டம் இல்ல."

அவள் என் தட்டில் இன்னும் கொஞ்சம் பரிமாறிக்கொண்டே, "ஆண்டவருக்கு மாடி, கீழன்னு உண்டாக்கா?" என்றாள். கிண்டலாகச் சொல்லவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிற மாதிரிதான் கேட்டாள். அவளிடம் அதுதான் கஷ்டம். எதையும் கெட்ட எண்ணத்தோடு செய்ய மாட்டாள். சண்டை போடக்கூட இடம் கொடுக்க மாட்டாள்.

அன்றைக்கு நான் சரி என்று சொல்லிவிட்டேன். தம்பி சந்தோஷமாக இரண்டாம் தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டான். மறுநாள் அவன் தொட்டில் மாட்டக் கொக்கி வாங்கி வந்து, நான் முழங்கால் போடுகிற இடத்துக்கு நேர் மேலே உத்தரத்தில் அடித்தான். சுண்ணாம்பு என் பாயில் உதிர்ந்தது.

எனக்குத் தூக்கம் போனது. இந்த வீட்டில் நான் யார் என்று யோசித்தேன். தாக்குதலே இல்லாத வீட்டில் காவலுக்கு என்ன வேலை? வேலியே வேண்டாம் என்கிறவர்களுக்கு வேலியக்கா எதற்கு? துணி தைத்துக் கொடுக்கிற ஒரு வயதான பெண், கீழ் அறையில், மிஷின் பக்கத்தில். அவ்வளவுதான் மிச்சம். அழுதேன். அதைச் சொல்ல வெட்கமில்லை.

அழுது முடித்ததும் தெளிவு வந்தது. இவள்தான் ஓட்டை. எல்லா வீட்டிலும் கண்டுபிடித்த எனக்கு, என் வீட்டில் இருந்தது இத்தனை நாள் கண்ணில் படவில்லை. பயமில்லாத விசுவாசம் என்று ஒன்று இருக்க முடியாது. எதுவும் நடக்காததால்தான் அவள் அப்படிப் பேசுகிறாள். ஏதாவது ஒன்று நடந்தால், என்னிடம் ஓடி வருவாள், என் கையைப் பிடித்துக்கொண்டு முழங்காலில் நிற்பாள். நான் ஜெபிப்பேன், எல்லாம் சரியாகிவிடும். அவளுக்குக் கெடுதல் நினைத்தேன் என்று நீங்கள் எழுதினால் அது சரியாக இருக்காது. எனக்கு அவள் தேவைப்பட்டாள்.

சபை எண்ணெய் கல்லில் சீக்கிரம் ஊறிவிடுகிறது. ஆகையால் விளக்கெண்ணெய்க்கு மாறினேன். கெட்டியாக இருக்கும், ஊறாது, கண்ணுக்கும் அவ்வளவாகத் தெரியாது. ஜெபித்துத்தான் ஊற்றினேன். எந்த எண்ணெயாக இருந்தால் என்ன, ஜெபம்தான் முக்கியம். படிக்கட்டு விளக்கு கண்ணைக் கூசுகிறது என்று மங்கலான பல்பு ஒன்று மாட்டினேன். கடைசிப் படிக்குக் கீழே கிடந்த தடிமனான மிதியடி அழுக்காகிவிட்டது, துவைத்துக் காயப்போட்டேன். இதையெல்லாம் தனித்தனியாகப் பாருங்கள், எந்த வீட்டிலும் செய்கிற வேலைதான்.

அவளுக்கு அப்போது வயிறு நன்றாகத் தள்ளியிருந்தது. வேலைக்கு லீவு போட்டிருந்தாள். "என் காலே எனக்குத் தெரியலக்கா," என்று சிரிப்பாள். ஆனாலும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக, பக்கவாட்டில் நின்று நின்று இறங்குவாள். எண்ணெய்ப் படியிலும் அப்படியே இறங்கிவிட்டாள், ஒரு நாள் இல்லை, பல நாள். லேசாக வழுக்கினால், "ஐயோ ஆண்டவரே," என்று நின்றுவிட்டு, "நல்லவேளை, பாத்துக்கிட்டார்," என்பாள். அதற்கு மேல் அதைப் பற்றி நினைக்கவே மாட்டாள். ஒரு தடவை துணியை எடுத்துத் துடைத்தும்விட்டாள். என் பாட்டில்தான் சிந்தியிருக்கும் என்று நினைத்துக்கொண்டாளாம். என்னைச் சங்கடப்படுத்தக் கூடாதென்று சொல்லவும் இல்லை. அவள் அப்போது சொல்லாத இந்த விஷயம் ஆஸ்பத்திரியில்தான் எனக்குத் தெரிந்தது.

அந்தக் காலை தம்பி வேலைக்குப் போய்விட்டான். நான் மேலே ஜெபம் முடித்து, படிக்கு எண்ணெய் விட்டு, கீழே வந்து மிஷினில் உட்கார்ந்தேன். பாடகர் குழு அங்கி ஒன்றுக்குக் கழுத்து தைக்க வேண்டியிருந்தது. அவள் அவர்கள் அறையில் ராகமில்லாமல் பாடிக்கொண்டிருந்தாள். பிரசவத்துக்கு அவள் அம்மா வருவதாக இருந்தது. இன்றைக்கோ நாளைக்கோ என்று அவள் காத்துக்கொண்டிருந்தாள், சின்னப் பிள்ளை மாதிரி ஜன்னலுக்கும் கட்டிலுக்கும் நடந்துகொண்டிருந்தாள்.

நான் கீழேயிருந்து கூப்பிட்டேன்.

"எங்கம்மா இருக்க? உங்கம்மா வந்துட்டாங்க, வா!"

"வந்துட்டாங்களா!" என்று அவள் குரல் கேட்டது. அவள் நடை வேகமாகிக் கேட்டது நான் அறிந்து அன்றைக்குத்தான். பிறகு மற்ற சத்தம்.

வாசலில் அப்போது யாரும் இல்லை என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதாகச் சொன்னீர்கள். சரிதான். ஆனால் நான் சொன்னது முழுப் பொய்யும் இல்லை. அவள் அம்மா அன்று சாயங்காலமே வந்துவிட்டார்கள், நேராக ஆஸ்பத்திரிக்கு.

குழந்தை பெண். தலை நிறைய முடி என்று நர்ஸ் சொன்னாள். நான் தைத்த சட்டை ஒன்றைப் போட்டுத்தான் அடக்கம் பண்ணினார்கள். தோள் அளவு சரியாக இருந்தது. நான் அழவில்லை. அந்தப் பிள்ளை இப்போது இருக்கிற இடத்தில் எந்தத் தாக்குதலும் இல்லை, வேலியும் தேவையில்லை.

அவளுக்கு இடுப்பெலும்பு உடைந்துவிட்டது. நான் கட்டில் பக்கத்தில் போய் நின்றேன். இப்போது என் கையைப் பிடிப்பாள், ஜெபிக்கச் சொல்வாள் என்று காத்திருந்தேன். பிடித்தாள். முகமெல்லாம் வீங்கியிருந்தது.

"அக்கா... அந்தப் படில எண்ணெய் சிந்தியிருக்கும்போல. அன்னைக்கு நான் தொடைச்சேன், மறுபடி பாக்காம விட்டுட்டேன். நல்லவேளை நீங்க விழல. உங்க வயசுல விழுந்திருந்தா என்ன ஆயிருக்கும்? உங்களை ஆண்டவர்தான் காப்பாத்தியிருக்கார்."

இத்தனை நாளில் அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. கையை விடுவித்துக்கொள்ளப் பார்த்தேன். அவள் விடவில்லை.

போதகர் வந்தார். இது பெரிய தாக்குதல் என்றார். "உங்க வேலி மட்டும் இல்லன்னா தாயும் போயிருப்பாங்கக்கா," என்று என்னிடம் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சபையில் உபவாச ஜெபம் வைத்தார்கள். என்னைத்தான் நடத்தச் சொன்னார்கள். அவ்வளவு கூட்டம் நான் பார்த்ததில்லை. பலசரக்குக் கடைக்காரர் மனைவி என் காலடியில் விழுந்து அழுதாள். சமையலறைக்கு யாரும் போகவில்லை. நான் நன்றாக ஜெபித்தேன் அம்மா. சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன், என் வாழ்நாளில் அன்றைக்கு ஜெபித்த மாதிரி ஜெபித்ததில்லை.

ஜெபம் முடிந்த மறுநாள் தம்பி குளித்து மாற்று உடை எடுத்துப்போக வந்தான். அவளுடைய போர்வை, தலையணை, வாளி, ஃபிளாஸ்க் எல்லாவற்றையும் இரண்டு கையிலும் அணைத்துக்கொண்டு இறங்கினான். கை நிறையச் சுமை. அன்றைக்கு அவனால் குதிக்க முடியவில்லை. மூன்றாம் படியில் கால் வைத்தான், சறுக்கினான், தலையணை மேலேயே உட்கார்ந்துவிட்டான்.

எழுந்திருக்கவில்லை. உள்ளங்காலைத் தடவி, விரலை மோந்து பார்த்தான். சின்ன வயதில் அவனுக்கு வயிற்றுக்கு நான் அந்த எண்ணெயைத்தான் மூக்கைப் பிடித்துக் கொடுப்பேன். வாசனை மறக்குமா?

"அக்கா, இது விளக்கெண்ணெய்."

"ஜெபிச்சதுடா," என்றேன்.

ஏன் துடைக்கவில்லை என்று நீங்கள் முதல் நாளே கேட்டீர்கள். துடைத்தால் நான் ஏதோ தப்பு செய்துவிட்டு மறைக்கிற மாதிரி ஆகியிருக்கும். நான் தப்பு செய்யவில்லை என்பதால் துடைக்கவில்லை. தம்பி வந்த அன்று காலைகூட வழக்கம்போல விட்டிருந்தேன்.

நான் தம்பிக்கு எல்லாவற்றையும் விளக்கிச் சொன்னேன். குழாய்க்காரரில் ஆரம்பித்து, இப்போது உங்களுக்குச் சொன்ன மாதிரியேதான். எண்ணெய் யாரையும் தள்ளாது, காவலில் இருக்கிறவர்களை ஆண்டவர் தாங்கிக்கொள்வார், நான் தீர்ப்பை அவர் கையில் விட்டேன் என்றேன். அவன் படியிலேயே உட்கார்ந்து கேட்டான். மடியில் அவள் போர்வை இருந்தது. நான் முடித்ததும் ஒன்றே ஒன்று கேட்டான்.

"ஓய்வுநாள் பள்ளில நீ எனக்குச் சொல்லிக்கொடுத்த கதைக்கா. இயேசுவைக் கோபுரத்து மேல நிக்க வெச்சு, கீழ குதி, கால் கல்லுல இடிக்காம தூதர்கள் தாங்கிப்பாங்கன்னு சொன்னது யாரு?"

பதில் எனக்குத் தெரியும், பிசாசு. அந்தக் கேள்விக்குச் சரியாகப் பதில் சொன்னதற்காக அவனுக்கு ஒரு பென்சில் பெட்டி பரிசு கொடுத்தது நானே. ஆனால் அது கோபுரம், இது வீட்டுப்படி. இரண்டும் ஒன்றாகுமா? அவன் அங்கே உட்கார்ந்தபடியே உங்களுக்கு ஃபோன் பண்ணினான். என் முகத்தைப் பார்க்கவில்லை. போகும்போது தொட்டில் கொக்கியைக் கழற்றி எடுத்துக்கொண்டு போனான். ஆக, ஜெப அறை இப்போது பழையபடி இருக்கிறது.

ஆமாம். எண்ணெய் விட்டது நான்தான். பல்பையும் மிதியடியையும் மாற்றியது நான்தான். அம்மா வந்துவிட்டார்கள் என்று கூப்பிட்டதும் நான்தான். எல்லாவற்றுக்கும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் விழவைத்தது நான் இல்லை. ஆண்டவருடைய காவலை முழுசாக நம்பித்தான் நான் இதைச் செய்தேன். அவ்வளவு நம்பிக்கை உங்களுக்குப் புரியாது அம்மா, குறையாகச் சொல்லவில்லை.

இந்தப் படத்தைத்தானே காட்டுகிறீர்கள்? உங்கள் ஆட்கள் மாவு தூவி எடுத்தது. தெளிவாக இருக்கிறது. படி முழுக்க எண்ணெய், சுவரோரமாக மட்டும் ஒரு கை அகலத்துக்கு நூல் பிடித்த மாதிரி உலர்ந்து கிடக்கிறது. அது ஏன் என்று கேட்கிறீர்கள்.

தையல்காரியின் பழக்கம், எதை வெட்டினாலும் ஓரத்தில் கொஞ்சம் விட்டுத்தான் வெட்டுவோம். வேறொன்றும் இல்லை அம்மா, நானும் தினமும் அந்தப் படியில்தானே இறங்க வேண்டும்?